சைவப் பாறை

கடலைக் காப்பாற்றுவது என்று அரசாங்கம் முடிவெடுத்ததும் முதல் வேலையாக அதைக் கடலிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

தண்ணீர் சூடேறிவிட்டது, பவளப்பாறைகள் வெளுத்துக்கொண்டிருக்கின்றன, இன்னும் இரண்டு கோடை தாங்காது என்று நிபுணர் குழு சொன்னது. “வீடு பற்றி எரியும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட மாட்டோமா?” என்று அமைச்சர் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளையைத் தூக்கினார்கள். தீயை அணைக்க மட்டும் யாரும் போகவில்லை. அது வேறு துறையாம்.

தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. பெயர் சகாயமேரி, ஊர் வலம்புரித்துறை, தொழில் முங்குவது. எங்கள் ஊருக்கு எதிரே ஆறு மீட்டர் ஆழத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பாறைகளைப் பெயர்த்து மேலே அனுப்பினோம். பத்து வருடத்தில் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். படித்தவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்களே.

உயிர்ப்பாறை என்றால் கல்லுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது செத்த பவளம்தான். அதன் ஓட்டைகளுக்குள் புழு, பொடி நண்டு, பாசி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று ஆயிரம் குடித்தனம் இருக்கும். ஓர் அடுக்ககம் மாதிரி. குடியிருப்போர் சங்கம் கிடையாது என்பதால் எல்லோரும் ஒற்றுமையாக இருப்பார்கள்.

இந்தப் பாறைகளை முதலில் பெரிய கிடங்கில் வைத்தார்கள். குளிரூட்டும் இயந்திரத்துக்கான டெண்டர் மூன்று முறை தள்ளிப்போனதில் பாதி செத்தது. மீதியை ‘வீட்டுக்கொரு கடல்’ என்ற திட்டத்தில் சென்னை அடுக்ககங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பாறை வளர்க்கும் வீட்டின் குடும்ப அட்டையைப் பாறைக்குள் பதித்திருக்கும் அரிசியளவு மின்னணுச் சில்லோடு இணைத்துவிட்டால் போதும், அந்த அடுக்ககம் முழுவதற்கும் தினம் இரண்டு மணி நேரம் கூடுதல் குடிநீர். மக்களுக்குக் கடல்மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

பாசத்தின் விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பாறை ஒன்றை ஒரு பிரமுகர் நல்ல தண்ணீரில் போட்டுத் தங்கமீன் விட்டார். இன்னொரு வீட்டில் கடல்நீருக்குப் பதில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினார்கள், அயோடின் சேர்த்ததாம், உடம்புக்கு நல்லதாம். ஒரு பாறை செருப்பு அலமாரி ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்தது. பத்தாவது வருடம் வலம்புரித்துறைப் பாறைகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, அது இன்னும் கிடங்கில் கிடந்தது. எண் நூற்று எண்பத்தேழு. அதன் அடிப்பக்கத்தில் என் உளி வழுக்கிய வெட்டு ஒன்று இருக்கிறது. அதை நானே பெயர்த்தேன்.

அந்த ஒரு கல்லில்தான் எங்கள் ஊர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கடல் பகுதியின் பாறை ஒன்றாவது உயிரோடிருந்தால் அந்தப் பகுதியைக் குத்தகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். எங்கள் கரையில் துறைமுகம் கட்ட ஒரு கம்பெனி வாயில் நீர் ஊறக் காத்திருந்தது. கல் செத்தால் குத்தகை. குத்தகை என்றால் நூற்று நாற்பது குடும்பங்களும் உள்ளே நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கடல் வாடையே அடிக்காத பொட்டலுக்குப் போக வேண்டும். அங்கே எங்களுக்குக் கோழி வளர்க்கச் சொல்லித் தருவார்களாம்.

நான் அப்போது இந்தத் திட்டத்தை நடத்திய துறையில் தற்காலிக அமைப்பாளர், அதாவது வீடு வீடாகப் போய்த் தொட்டி வைத்துக் கொடுப்பவள். நூற்று எண்பத்தேழாம் கல் குலுக்கலில் யாருக்கு விழுந்தது என்று பார்த்தேன். தாம்பரத்துக்குத் தெற்கே ‘சாத்வீக நிவாஸ்’, நான்காம் மாடி, 4பி. வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்: ‘முழுச் சைவ அடுக்ககம். முட்டைக்கும் அனுமதி இல்லை.’ அந்தோணியாரே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

4பி-யில் காந்திமதி என்றொரு அம்மாள், திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம், அறுபதுக்குள் வயது. கணவர் சங்கரலிங்கம் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் மோப்ப சக்தி போய்விட்டதாம், அதனால் எப்போதும் ஒரு நிம்மதியான முகம். இவர்களைத் தவிர நான் போன நேரத்தில் சங்கச் செயலாளர் பரசுராமனும் கூடத்தில் இருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் அந்த வீட்டுக் கூடத்தில்தான் இருப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மூன்றடித் தொட்டியை வைத்து, உப்புநீர் கலந்து, அளவு பார்த்து, பாறையை அடியில் இடைவெளி விட்டு நிறுத்தினேன். காந்திமதியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கல்லு சைவம்தானே மேடம்?” என்றார் பரசுராமன்.

“கல்லு சைவம்தான் சார். உள்ள இருக்கிறதுக்கு நான் உத்தரவாதம் கிடையாது.”

“உள்ள என்ன இருக்கு?”

“இப்போதைக்குப் பசி இருக்கு சார். ரெண்டு வருசமா கிடங்குல பட்டினி கிடந்த கல்லு இது. இந்தத் தண்ணி வெறும் உப்புத்தண்ணி. இதுல ஏதாவது அழுகணும். அழுகினா விஷம் வரும். அந்த விஷத்தைத் தின்ன ஒரு கிருமிக்கூட்டம் பெருகும், அது கழிச்சதைத் தின்ன இன்னொரு கூட்டம் பெருகும். அந்தச் சுத்து ஓட ஆரம்பிச்சாத்தான் இது கடலு. அதுவரைக்கும் இது ஊறுகாய் ஜாடி.”

“அழுகறதுன்னா… கீரை மாதிரி?”

“துறையில குடுத்த ஊக்க மருந்து காலாவதி ஆயிருச்சு சார். ஒரே ஒரு செத்த இறாலைப் போட்டா போதும்.”

சங்கரலிங்கம் பேப்பரைத் திருப்பினார். பரசுராமன் எழுந்து நின்று, ஏதோ இறாலே உள்ளே வந்துவிட்ட மாதிரி கதவைப் பார்த்தார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள், கொஞ்சம் தள்ளி. இரண்டு மணி நேரக் குடிநீர் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. இறால் வேண்டாம் என்பதிலும் ஒரே கருத்து. காலிஃபிளவர் போடலாமா என்றார் ஒருவர். பன்னீர் என்றாள் ஒருத்தி. கடைசியில் மூன்றாம் மாடி இளைஞர் கையிலிருந்த செயலியைத் தட்டி, சோயாவில் செய்த ‘சைவ இறால்’ ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். வாலும் இருந்தது, சிவப்புக் கோடும் இருந்தது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளியும் இருந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“அழுகினா இது போதும்தானே மேடம்?” என்றார் பரசுராமன்.

“அழுகினா போதும் சார்,” என்றேன்.

அழுகவில்லை. மூன்று வாரம் வாராவாரம் போனேன். குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டால் பச்சையாக மாற வேண்டும். மாறினால் சுற்று ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மூன்று வாரமும் மஞ்சள்தான். சைவ இறால் அதில் போட்டிருந்த பதப்படுத்தும் மருந்தின் புண்ணியத்தில் மார்க்கண்டேயனாக மிதந்துகொண்டிருந்தது. பாறையில் சாம்பல் பூத்தது. தொண்ணூறாம் நாள் ஆய்வு. ஐந்து வகை உயிராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

“என்ன பிள்ள, மொகம் செத்துக் கெடக்கு?” என்றாள் காந்திமதி அக்கா. இரண்டாவது வாரத்திலேயே எனக்கு அவள் அக்காவாகிவிட்டாள், காபி கொடுப்பாள், நான் அம்மா என்று கூப்பிட்டால் திட்டுவாள்.

அவளிடம் சொன்னேன். ஊரைப் பற்றி, கம்பெனியைப் பற்றி, நூற்று நாற்பது குடும்பத்தைப் பற்றி. உளி வெட்டைத் தொட்டுக் காட்டினேன். “நான்தான்கா இதைப் பேத்தேன். நாங்களே எங்க கையால பேத்துக் குடுத்தோம். இப்ப இது பசியில சாவுது, நான் மஞ்சத்தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

அவள் தொட்டியைப் பார்த்துவிட்டு, “இன்னொரு மடக்கு காபி குடி,” என்றாள்.

அடுத்த வாரம் போனபோது வீட்டில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. கதவிலிருந்து கூடம் வரை கற்பூர வாசனை. தொட்டியின் பின்பக்கம் பாறைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு தண்ணீருக்குள் தொங்கியது. பரசுராமன் அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

“திருஷ்டி முடிச்சு,” என்றாள் அக்கா. “நாப்பது வீட்டுக் கண்ணும் படுதுல்லா.”

“நல்ல காரியம்,” என்று அவர் போய்விட்டார்.

நான் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டேன். பச்சை. சும்மா பச்சை இல்லை, வாழைக் குருத்துப் பச்சை. முடிச்சை மெல்ல வெளியே இழுத்து மோந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வாடை.

“அக்கா!”

“சத்தம் போடாத. பல்லாவரம் சந்தைக்குப் போனேன், பஸ்ஸுல. மொகத்துல துணியக் கட்டிக்கிட்டு. ஒண்ணே ஒண்ணு குடுன்னேன். மீன்காரப் பொம்பள என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, ஒண்ண வச்சு என்னம்மா செய்வே, கம்மல் மாட்டிக்கிடுவியான்னு கேக்கா.” அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “விபூதி டப்பாவுல வச்சுக் கொண்டாந்தேன். வழியெல்லாம் குமட்டிக்கிட்டு வந்துட்டு. நாலு தடவ குளிச்சேன்.”

“ஏன்கா இப்படி? உங்களுக்கு எவ்வளவு பெரிய…”

“பசிக்குதுன்னு நீதானே சொன்ன? எங்க குடும்பத்துல வீட்டுக்கு வந்ததப் பட்டினி போடுத வழக்கம் கெடையாது. அது திங்கறத நான் திங்கணும்னு கட்டாயம் இல்ல. நான் திங்கறத அது திங்கணும்னும் கட்டாயம் இல்ல. சங்கத்துக்கு இது ஏன் வெளங்க மாட்டேங்குது?”

“சார் ஒண்ணும் சொல்லலையா?”

“அவுகளுக்குத்தான் மோப்பம் கெடையாதே. சாம்பிராணி வாசனையும் தெரியாது, இதுவும் தெரியாது. ‘என்ன, இப்பம்லாம் பக்தி சாஸ்தியாயிட்டு’ன்னு கேட்டாவ.”

ஐந்து வாரத்தில் பாறை எழுந்து உட்கார்ந்தது. ஊதாப் பாசி படர்ந்தது. ஓட்டையிலிருந்து விசிறிப் புழு ஒன்று தலையை விரித்தது. முடிப் புழு ஒன்று நீளமாக வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு நகத்தளவு நண்டு ஒன்று பாறை உச்சியில் ஏறி, இரண்டு கொடுக்கையும் தூக்கிச் சாத்வீக நிவாஸைப் பார்த்தது.

பரசுராமன் அலறிவிட்டார். மறுபடியும் கூட்டம். அசைவது எல்லாம் அசைவம் என்று ஒருவர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். தீர்மானம்: கல் இருக்கலாம், நடமாடுவது எதுவும் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் செயலாளர் சோதனையிடுவார். இந்தத் தொட்டி சைவம் என்று உறுதிசெய்து சங்கம் தன் செலவில் பச்சைப் புள்ளி ஒட்டும். ஒரு சுருள் ஸ்டிக்கர் வாங்கி, ஒன்றைத் தொட்டியில் ஒட்டி, மிச்சத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

காந்திமதி அக்கா சோதனைக்கு அரைமணி முன்னால் கடல்நீரைத் தூக்குவாளியில் மொண்டு வைப்பாள். நண்டை ஒரு கரண்டியில் ஏற்றி உள்ளே விடுவாள். “வா ராசா, வா, அந்த ஆளு போனதும் விட்டுருதேன்,” என்பாள். மேலே வாழையிலை போட்டுப் பூஜை அலமாரிக்குள் வைத்துவிடுவாள். புழுக்கள் சத்தம் கேட்டால் தாமாகவே உள்ளே போய்விடும். அவை சங்கத்தோடு பழகிவிட்டிருந்தன. பரசுராமன் டார்ச் அடித்துப் பார்த்து, ஏட்டில் ‘சைவம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏட்டில் அவர் கையெழுத்து அழகாக இருக்கும்.

தொண்ணூறாம் நாள் ஆய்வாளர் முகில்வண்ணன் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் விதிப்படிதான் செய்வார். அன்று செயலாளர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அக்கா முகூர்த்தம் பார்த்துத்தான் ஆய்வுக்கு நேரம் கொடுத்திருந்தாள். முகில்வண்ணன் கண்ணாடியில் மூக்கை வைத்து எண்ணினார். ஏழு வகை.

“மாநிலத்துலயே இதுதான் அதிகம்,” என்றார். “உயிருள்ள பாறைன்னு சான்று குடுத்துடறேன். குடும்ப அட்டை சில்லோட சரியா இணைஞ்சிருக்கு. வாழ்த்துகள்மா.”

அவர் போனதும் நான் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அங்கே கோயில் மணி அடித்தார்கள். அக்கா எனக்குப் பருப்புப் பாயசம் வைத்தாள். நண்டுக்கு என்ன வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

சான்று கிடைத்த பதினான்காம் நாள் ஆணை வந்தது.

‘வலம்புரித்துறைக் கடல் பகுதி உயிருடன் உள்ளதாகச் சான்றளிக்கப்பட்டுள்ளது. மேற்படி பகுதியின் முகவரி இனி: எண் 4பி, நான்காம் தளம், சாத்வீக நிவாஸ். மேற்படி பகுதி முன்பு இருந்த இடம் காலியிடமாக வகைப்படுத்தப்பட்டு, வரும் மாதம் முதல் தேதி குத்தகைக்கு விடப்படும்.’

மூன்று தடவை படித்தேன். பிறகு துறை அலுவலகத்துக்கு ஓடினேன்.

“இது என்ன சார்?”

முகில்வண்ணன் வருத்தமாகத்தான் இருந்தார். “கடல் பகுதின்னா என்னங்க? தண்ணியா? தண்ணி எல்லா இடத்துலயும் இருக்கு, ஓடிட்டே இருக்கு. பாறைதான் அடையாளம். சில்லு பத்து நாள் தொடர்ந்து ஒரே இடத்தைக் காட்டினா கணினி அதையே நிரந்தர முகவரியா எடுத்துக்கும். ரேஷன் கார்டு மாதிரிதான். சான்று குடுத்ததும் முகவரி தானா மாறிடுச்சு.”

“திருப்பிக் கடல்ல வைக்கறதாத்தானே பேச்சு? பத்து வருசம்னு எழுதிக் குடுத்தீங்களே. மூணு வருசமா எங்க ஊருக்கு எதிர தண்ணி குளுந்து கிடக்கு. மாசாமாசம் நான் அளந்து கோப்புல வச்சிருக்கேன்.”

“பாத்தேன். அருமையான கோப்பு. ஆனா வீட்டுலயே ஏழு வகை உயிரோட இவ்வளவு நல்லா இருக்கறப்ப, எதுக்குத் திரும்ப ஆபத்துல கொண்டு வைக்கணும்னு மேலிடத்துல கேக்கறாங்க.” குரலைத் தாழ்த்தினார். “செத்திருந்தாலும் குத்தகைதான். பொழைச்சதால கொஞ்சம் சுத்தி வந்திருக்கு.”

“அப்ப எங்க ஊர்க்காரங்க?”

“பாரம்பரிய மீன்பிடி உரிமையை யாரும் தொடலைங்க. அது அந்தப் பகுதியோட கூடவே போகும். 4பி-யில போய்ப் பிடிச்சுக்கலாம். குடியிருப்போர் சங்கத்துல முன்னாடியே அனுமதி வாங்கணும்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அக்காவிடம் போய் ஆணையைக் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சங்கரலிங்கம் எட்டிப் படித்துவிட்டு, “முப்பது வருஷம் நெலம் அளந்தேன். கடல மாடியில அளக்கலாம்னு எவனும் சொல்லித் தரலையே,” என்றார்.

“நான் ஊத்தி ஊத்தி வளத்ததுதான் உங்க ஊருக்கு எமனாயிட்டா?” என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. “நான் நல்லதுன்னுல்லா நெனச்சேன்.”

“உங்க மேல என்னக்கா தப்பு?”

“சரி, அழாத. கல்லு எங்க இருக்கோ அங்கதானே முகவரி?”

“ஆமா.”

“பத்து நாளு?”

“பத்து நாளு.”

“இன்னைக்குத் தேதி என்ன?”

பதினாறு. ஒன்றாம் தேதிக்குப் பதினைந்து நாள் இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அக்கா, துறை அனுமதியில்லாம கல்லை எடுத்தா குத்தம். கடலோரச் சாவடியில உயிருள்ள கடல் பொருளை விட மாட்டாங்க. அதோட உங்க தண்ணி போயிரும், மொத்தக் கட்டடத்துக்கும் போயிரும். சங்கம் உங்களைச் சும்மா விடாது.”

“எறாலுக்குப் பொறவு என்னட்டி பயம்?” என்று அவள் எழுந்து உள்ளே போய்ப் பரணிலிருந்து எவர்சில்வர் அண்டா ஒன்றை இறக்கச் சொன்னாள். குடும்பத்தோடு திருச்செந்தூர் போகும்போது புளியோதரை கட்டிக்கொண்டு போகும் அண்டாவாம்.

பாறையை ஈரச்சாக்கில் சுற்றி அடியில் வைத்தோம். நண்டு தூக்குவாளியில். பாறைமேல் ஒரு தட்டு, தட்டின்மேல் வாழையிலை, இலைமேல் நாலு படிப் புளியோதரை. மூடியில் அக்கா சங்கம் கொடுத்த சுருளிலிருந்து ஒரு பச்சைப் புள்ளியைக் கிழித்து ஒட்டினாள். தூக்குவாளிக்கும் ஒன்று. சில்லு நகர்ந்தால் துறைக் கணினி உடனே அறிவிக்கும். அறிவித்ததைப் பார்க்க வேண்டிய பணியிடம் நாலு வருடமாகக் காலி. இதுவும் எனக்குத் துறையில் வேலை பார்த்ததால் தெரிந்தது.

வாடகைக் காரில் விடிந்ததும் கிளம்பினோம். மத்தியானம் சாவடியில் நிறுத்தினார்கள். காவலர் அண்டாவைத் தட்டினார்.

“என்னம்மா இது?”

“புளியோதரை. சாப்புடுதியளா?”

அவர் மூடியைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார். அக்காவின் நெற்றி விபூதியையும் பார்த்தார். தொன்னையில் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு, “கடலை கொஞ்சம் தூக்கலா போட்டிருக்கீங்க,” என்று கையைக் காட்டி அனுப்பினார்.

“பொய் சொல்லிட்டியளே அக்கா,” என்றேன் கொஞ்ச தூரம் போனதும்.

“நான் என்ன பொய் சொன்னேன்? புளியோதரை இல்லியா அதுல? புள்ளி சங்கம் குடுத்தது. நான் அச்சடிக்கலியே.”

வலம்புரித்துறையில் ஊரே கரையில் நின்றது. பாறையை இடுப்போடு கட்டிக்கொண்டு முங்கினேன். ஆறு மீட்டர். பத்து வருடத்தில் மணல் மாறியிருந்தது, ஆனாலும் என் கைக்கு இடம் தெரிந்தது. உளி வெட்டைத் தடவிப் பார்த்து, பெயர்த்த இடத்திலேயே பொருத்தினேன். உட்கார்ந்தது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மேலே வந்தபோது அக்கா முழங்கால் தண்ணீரில் புடவை நனைய நின்று, தூக்குவாளியைச் சரித்து நண்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்க அதுக்குச் சாப்பாடு கெடைக்குமா?”

“இங்க எல்லாமே சாப்பாடுதான்கா.”

“அப்பம் சரி,” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பாறை நகர்ந்துவிடக் கூடாதென்று பத்து நாளும் எங்கள் ஊரில் யாரும் வலை போடவில்லை. இருபத்தெட்டாம் தேதி கணினி முகவரியை மாற்றியது. சான்று செல்லும், பாறை உயிரோடிருக்கிறது, முகவரி கடல். கம்பெனி வக்கீல்கள் விதியைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தும் குத்தகை கிடைக்கவில்லை. என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். தற்காலிகம் என்பதால் ஒரு வரி போதுமாக இருந்தது.

சாத்வீக நிவாஸில் கூடுதல் தண்ணீர் நின்றது. அவசரக் கூட்டம் போட்டுக் காந்திமதி அக்காவை ஏகமனதாகக் கண்டித்தார்கள். பரசுராமன் வெறும் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஏட்டில் ‘சைவம்’ என்று எழுதினார். முதல் முறையாக அது உண்மை.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள்.

“மேரி, எங்க ரேஷன் கார்டப் பாத்தியா? கல்லோட இணைச்சிருந்தாம்லா, கல்லு போனதும் கார்டும் கூடவே போயிட்டு. படிக்கேன் கேளு. ‘காந்திமதி, கணவர் பெயர் சங்கரலிங்கம். முகவரி, வலம்புரித்துறைக் கடல் பகுதி, ஆழம் ஆறு மீட்டர். தொழில், பாரம்பரிய மீனவர்.’”

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. “மாத்த மனு குடுங்கக்கா.”

“குடுத்தேன். கடல்லேருந்து அடுக்ககத்துக்கு மாத்தணும்னா அதுக்கு ஒரு கல்லு வேணுங்கான். செயலாளரு வந்தாரு. இந்த முகவரியில உங்களுக்கு வீடே இல்ல, அதோட மீனவர் இங்க குடியிருக்க விதியில இடமில்ல, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கன்னுட்டாரு. சொந்த வீட்ட, மேரி. நானும் அவுகளும் முப்பது வருஷம் ஒழைச்சு வாங்குன வீடு.”

எங்கள் ஊரைக் காப்பாற்றியவளை எங்கள் ஊரைப் போலவே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். “கேஸ் போடலாம்கா. நாங்க எல்லாரும் வாரோம். நூத்தி நாப்பது குடும்பமும் வாரோம்.”

“கேஸு போடத்தான் போறேன். அது முடிய எத்தன வருஷமோ. அதுவரைக்கும் அங்க கரையில ஒரு வாடகை வீடு பாரு. ரெண்டு ரூம் போதும்.”

“அக்கா, இங்க எந்நேரமும் மீன் வாடை அடிக்கும்.”

“அவுகளுக்குத்தான் மோப்பம் கெடையாதே,” என்றாள். “எனக்குத்தான் பழகிட்டுல்லா.”